மனநல ஓ.பி.க்குப் போகும் முன்னும் பின்னும்

சென்னை ஸ்டான்லி அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவோ, அயனாவரம் மேடவாக்கம் டேங்க் ரோட்டில் உள்ள அரசு மனநல மருத்துவமனையோ, காலையிலேயே போய் ஓ.பி. சீட்டு வாங்கிவிடுங்கள். கூட்டத்தில் டாக்டரிடம் பேசக் கிடைப்பது சில நிமிடங்கள்தான். எப்போது தொடங்கியது, எத்தனை மணி நேரம் தூக்கம், வேலைக்குப் போக முடிகிறதா, குடி உண்டா, சாகும் எண்ணம் வந்ததா என்பதை முதல் நாளே அரைப் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். கடைசிக் கேள்வியைக் கேட்டால் அந்த எண்ணம் வந்துவிடுமோ என்று வீட்டார் பயப்படுகிறார்கள். வராது, கேளுங்கள். நாட்டு மருந்து உட்பட சாப்பிடும் அத்தனையையும் எடுத்துப்போங்கள்.

மனச்சோர்வு மாத்திரை பலன் தர 2 முதல் 4 வாரம் ஆகும். குமட்டலோ படபடப்போ முதல் வாரத்திலேயே வரலாம். பலர் மாத்திரையை விடுவது இந்த இடைவெளியில்தான். குணமான பிறகும் குறைந்தது 6 மாதம் தொடர வேண்டும். நிறுத்துவதும் டாக்டர் சொல்லும் அளவில், படிப்படியாக.

மனநிலை அளவுக்கு மீறி ஏறி இறங்கும் நோய்க்குத் தரும் லித்தியம் மாத்திரைக்குக் கூடுதல் கவனம் வேண்டும். இரவு 8 மணிக்கு மாத்திரை போட்டால் 12 மணி நேரம் கழித்து, காலை 8 மணிக்கு லித்தியம் அளவு பார்க்கும் பரிசோதனைக்கு ரத்தம் கொடுத்துவிட்டுத்தான் காலை மாத்திரை. காசிமேட்டு வெயிலில் மீன்கூடை தூக்குபவருக்கு வியர்வையில் நீரும் உப்பும் போனால் ரத்தத்தில் லித்தியம் ஏறும். வாந்தி பேதியும், உடம்புவலிக்கு மருந்துக்கடையில் வாங்கும் டைக்ளோஃபினாக்கும் ஏற்றிவிடும். கை நடுக்கம் அதிகமாகி, நடை தள்ளாடி, பேச்சு குழறினால் அடுத்த மாத்திரையைப் போடாமல் உடனே அவசரப் பிரிவுக்குப் போங்கள்.

நள்ளிரவிலும் அரசின் மனநல உதவி எண்ணான 14416 டெலி மனஸில் தமிழில் பேசலாம். உயிருக்கு ஆபத்தென்றால் 108.