திரும்பத் திரும்ப வரும் கெட்ட கனவை மாற்றி எழுதுவது எப்படி?

ஒரே கெட்ட கனவு மறுபடி மறுபடி வந்து நடுராத்திரியில் எழுப்பிவிடுகிறதா? கிணற்றுக்குள் விழும் கனவு ஒன்று எனக்கு அப்படித்தான் வந்துகொண்டிருந்தது. அதை அடக்கிய பயிற்சியை இங்கே எழுதுகிறேன்.

கதை போல ஓடும் கனவுகள் பெரும்பாலும் ரெம் தூக்கத்தில் வருகின்றன. மூடிய இமைக்குள் கண்கள் வேகமாக அசையும் கட்டம் அது. சிகாகோ பல்கலைக்கழகத்தில் அசெரின்ஸ்கியும் கிளைட்மேனும் 1953இல் இதைப் பற்றி எழுதினார்கள். சுமார் 90 நிமிடத்துக்கு ஒருமுறை வரும், விடியலை நெருங்க நெருங்க நீளும். விடியற்காலைக் கனவு பலிக்கும் என்று வீட்டில் பயமுறுத்துவார்கள். அந்த நேரத்துக் கனவு தெளிவாக இருப்பதற்கு ரெம் நீள்வதுதான் காரணம், கலங்க வேண்டாம்.

1. எழுதி வையுங்கள். விழித்ததும் மூன்று நான்கு வரி போதும். தலைமாட்டில் ஒரு நோட்டும் பென்சிலும் இருக்கட்டும். செல்போன் வேண்டவே வேண்டாம். வெளிச்சமும் வாட்ஸ்அப்பும் சேர்ந்து மிச்சத் தூக்கத்தையும் கெடுத்துவிடும்.

2. ஒரு கனவைத் தேர்ந்தெடுங்கள். இருப்பதிலேயே கொடூரமானதை முதலில் தொடாதீர்கள். லேசானதில் பழகுங்கள்.

3. கதையை மாற்றுங்கள். பலரும் தடுமாறுவது இங்கேதான். துரத்துபவனை அடித்து வீழ்த்துவது போல எழுதத் தோன்றும். அப்படி எழுதினால் பயம் அப்படியே இருக்கலாம், சண்டைதான் கூடலாம். பயம் தொடங்குவதற்கு முன்பே கதையைத் திருப்புவது நல்லது. என் கிணற்றில் கால் வழுக்கும் இடத்துக்கு முன்னால் கருங்கல் படிக்கட்டு வைத்தேன். இறங்கினால் கணுக்கால் வரை தண்ணீர், பாசி வாசனை, மேலே யாரோ வாளியை உருட்டும் சத்தம். நம்பும்படி இருக்க வேண்டும் என்று கட்டாயமில்லை; தொட்டுப் பார்க்கும்படி இருந்தால் போதும்.

4. பகலில் ஓட்டிப் பாருங்கள். தினமும் பத்து நிமிடம், புதிய கதையை மட்டும். பழையதைத் திரும்ப நினைக்காதீர்கள். பலன் தெரியச் சில வாரம் ஆகலாம். அமெரிக்கத் தூக்க மருத்துவர் பேரி க்ராகோவும் குழுவினரும் 2001இல் வெளியிட்ட ஆய்வில், பாலியல் வன்முறைக்கு ஆளான பெண்களுக்கே இந்தப் பயிற்சியால் கெட்ட கனவுகள் குறைந்தன. அப்படிப்பட்ட காயம் உள்ளவர்கள் தனியாகச் செய்யாமல் மனநல ஆலோசகரோடு செய்யுங்கள். இந்தியாவில் 14416 என்ற டெலி மானஸ் மனநல உதவி எண்ணில் இலவசமாகப் பேசலாம்.

பின்சேர்க்கை: மாத்திரையால் கனவு வருமா என்று சிலர் கேட்டிருந்தீர்கள். வரலாம். ரத்த அழுத்தத்துக்குத் தரும் ப்ரோப்ரனோலால், ஆஸ்துமாவுக்குத் தரும் மாண்டெலூகாஸ்ட், சில மனச்சோர்வு மாத்திரைகள், புகைப்பழக்கத்தை விட ஒட்டிக்கொள்ளும் நிகோடின் பட்டையை இரவிலும் கழற்றாமல் இருப்பது எல்லாமே கனவைக் கிளறலாம். மாத்திரையை நீங்களாக நிறுத்தாதீர்கள், திடீரென நிறுத்தினால் கனவு இன்னும் கூடலாம், டாக்டரிடம் கேளுங்கள். மதுவும் அப்படித்தான்: முன்னிரவில் ரெம்மை அமுக்கி, பின்னிரவில் பொங்கவிடும்.

இன்னொரு கேள்வி, கனவில் அடிப்பது போலவே பக்கத்தில் படுத்திருப்பவரை அடிப்பது பற்றி. ரெம் தூக்கத்தில் உடம்பு அசையாமல் கட்டுண்டு கிடக்க வேண்டும். அந்தக் கட்டு தளர்ந்தால்தான் கை கால் வீசும். இதற்கு என் நோட்டுப் பயிற்சி உதவாது. கட்டிலுக்குப் பக்கத்தில் உள்ள கண்ணாடிப் பொருட்களை அகற்றிவிட்டு, நரம்பியல் மருத்துவரைப் பாருங்கள், தள்ளிப்போடாதீர்கள்.