வளர்ச்சித் தாமதமுள்ள குழந்தையின் குடும்பத்துக்குத் துணை நிற்பது எப்படி?

பக்கத்து வீட்டிலோ சொந்தத்திலோ ஒரு குழந்தை. வயதுக்கேற்ற வளர்ச்சி இல்லை. எங்கே போவது, யாரைக் கேட்பது என்று அம்மாவுக்குத் தெரியவில்லை. உதவ நினைக்கும் நீங்கள் டாக்டரும் இல்லை, வக்கீலும் இல்லை. பரவாயில்லை. கூடவே போவதும், எதையும் எழுத்தில் கேட்டு வாங்குவதும்தான் இந்த வேலையில் பெரும்பகுதி. தமிழ்நாட்டில் இதை எப்படிச் செய்யலாம் என்று பார்ப்போம்.

முதலில் வீட்டுக்குள்

"ஆம்பளப் பிள்ளை லேட்டாத்தான் பேசும்." "அவங்க அப்பாவே மூணு வயசுலதான் பேசினான்." குழந்தைக்கு மிகவும் தேவையான மாதங்கள் இந்தப் பேச்சிலேயே போய்விடுகின்றன. வாதாட வேண்டாம். கர்ப்ப காலத்தில் தந்த தாய் சேய் நல அட்டையை எடுக்கச் சொல்லுங்கள். எந்த வயதில் குழந்தை என்ன செய்யும் என்று அதில் இருக்கும். பாட்டியையும் பக்கத்தில் உட்கார வைத்துப் படித்துக் காட்டுங்கள். ஒரு வயதாகியும் பெயர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்பவில்லை, 18 மாதமாகியும் நடக்கவில்லை என்றால் காத்திருக்கக் கூடாது. ஆட்டிசம், மூளை முடக்குவாதம் என்று நீங்களாகப் பெயர் வைக்காதீர்கள். "ஒரு தடவை காட்டிட்டு வந்துடலாம்" என்றால் போதும்.

இன்னொன்று. கிரகணத்தன்று வெளியே போனாள், அதனால்தான் என்று பழியை அம்மா தலையில் கட்டுவார்கள். அதற்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை என்று எல்லார் முன்னாலும் சொல்லுங்கள். பல வீடுகளில் அவளுக்காக அதைச் சொல்ல வேறு ஆள் இருக்காது.

எங்கே போவது

2013-இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்படி, மருத்துவக் குழு வருடத்துக்கு இரண்டு முறை அங்கன்வாடிக்கு வந்து குழந்தைகளைப் பார்க்க வேண்டும். அதுவரை காத்திருக்காமல் மாவட்டத் தலைமை மருத்துவமனையிலோ அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலோ உள்ள மாவட்ட இடையீட்டுச் சேவை மையத்துக்கு நேரே போகலாம். குழந்தை மருத்துவர் பார்ப்பது, இயன்முறைப் பயிற்சி, பேச்சுப் பயிற்சி எல்லாம் ஒரே இடத்தில், இலவசமாக.

காது கேட்காத குழந்தை என்றால் அவசரம் இன்னும் அதிகம். முதலமைச்சர் காப்பீட்டில் காக்ளியர் இம்ப்ளான்ட் (காதுக்குள் கேட்கும் கருவி பொருத்தும்) அறுவைக்கு 6 வயது வரம்பு உண்டு. மூளை மொழியைப் பிடித்துக்கொள்ளும் காலத்தின் பெரும்பகுதியோ அதற்கும் முன்பே கடந்துவிடுகிறது.

கூடப் போகும்போது

ஆஸ்பத்திரியில் குழந்தை அழும், எதையும் செய்து காட்டாது. அதனால் வீட்டில் விளையாடும்போதும் சாப்பிடும்போதும் எடுத்த சின்ன வீடியோக்கள் கையில் இருக்கட்டும். அம்மா கேட்க நினைப்பதை முந்தின நாளே நோட்டில் எழுதி வைக்கச் சொல்லுங்கள். டாக்டர் உங்களைப் பார்த்துப் பேசினால், "அம்மாகிட்டயே சொல்லுங்க டாக்டர்" என்று திருப்பிவிடுங்கள். நாளைக்கு நீங்கள் இல்லாமலும் அவள் கேட்டாக வேண்டும்.

கிளம்பும் முன் மூன்று விஷயம் தெரிய வேண்டும்: என்ன கண்டுபிடித்தார்கள், வாரத்துக்கு எத்தனை முறை பயிற்சி, வீட்டில் என்ன செய்வது. வீட்டுப் பயிற்சியை அங்கேயே அம்மா ஒரு தடவை செய்து காட்டட்டும். சொல்லக் கேட்டதைவிடச் செய்து பார்த்ததுதான் நிற்கும். அனுமதி கேட்டு அதையும் வீடியோ எடுத்துக்கொள்ளுங்கள். எல்லாச் சீட்டும் தேதி வரிசைப்படி ஒரே ஃபைலில்.

சான்றும் உதவித்தொகையும்

மாற்றுத்திறனாளிச் சான்றுக்கும் தனித்துவ அடையாள அட்டைக்கும் ஆன்லைனில் விண்ணப்பிக்கலாம். சின்னக் குழந்தைகளுக்குப் பெரும்பாலும் தற்காலிகச் சான்றுதான் தருவார்கள். அது முடியும் தேதியைக் குறித்து வையுங்கள். பராமரிப்பு உதவித்தொகை, பயிற்சிக்குப் போய்வரப் பேருந்துச் சலுகை இரண்டையும் மாவட்ட மாற்றுத்திறனாளிகள் நல அலுவலகத்தில் கேளுங்கள். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகைக் குறைபாடு இருந்தால் மத்திய அரசின் நிரமயா மருத்துவக் காப்பீட்டில் வருடத்துக்கு 1 லட்சம் ரூபாய் வரை சிகிச்சைச் செலவைத் திரும்பப் பெறலாம்.

இழுத்தடித்தால்

"ஆள் இல்ல, அடுத்த மாசம் வாங்க" என்பார்கள். அங்கே கோபப்பட்டால் அடுத்த முறை குழந்தையோடு வரிசையில் நிற்கப் போவது அந்த அம்மாதான். எழுதிக் கொடுங்கள்:

"என் மகனுக்கு வயது 2. பேச்சுப் பயிற்சி தேவை என்று தங்கள் மையத்தில் இந்தத் தேதியில் எழுதித் தந்தார்கள். இதுவரை பயிற்சி தொடங்கவில்லை. எந்தத் தேதியில் தொடங்கும், இங்கே முடியாவிட்டால் எங்கே அனுப்புவீர்கள் என்பதை எழுத்து மூலம் தெரிவிக்கக் கேட்டுக்கொள்கிறேன்."

மனு பெற்றோர் பெயரில், அவர்கள் கையெழுத்தோடு இருக்க வேண்டும். நகலில் முத்திரையும் தேதியும் கேட்டு வாங்குங்கள். பதில் இல்லையா, அந்த நகலோடு திங்கட்கிழமை ஆட்சியர் அலுவலக மக்கள் குறைதீர்க்கும் நாள் கூட்டத்துக்குப் போங்கள். தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் கேட்டால் 30 நாளில் பதில் தந்தாக வேண்டும். அதற்கும் அசையாவிட்டால், 2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டப்படி சென்னையிலுள்ள மாநில ஆணையருக்குப் புகார் அனுப்பலாம். முத்திரை வாங்கிய நகல்களையெல்லாம் அதோடு இணைத்துவிடுங்கள்.