சோதனை இசை கேசட்டைக் கணினியில் ஏற்றுவது எப்படி?

வழக்கமான பாட்டு வடிவங்களை மீறிப் புதிய ஒலிகளை முயன்று பார்ப்பது சோதனை இசை. அப்படி இசைத்த, அதிகம் அறியப்படாத ஒரு கலைஞரின் பழைய கேசட் கிடைத்தால் உடனே டெக்கில் போட்டுவிடாதீர்கள். சிங்கப்பூர்ப் புழுக்கத்தில் அலமாரியில் கிடந்த நாடாவில் பூஞ்சை பிடித்திருக்கலாம். கேசட்டின் சிறு சன்னல் வழியே டார்ச் அடித்துப் பாருங்கள். சுருளின் விளிம்பில் வெள்ளைப் பொடி தெரிந்தால் ஓட்டவே வேண்டாம். அது டெக்கில் நாடாவைப் படிக்கும் ஹெட்டிலும், நாடாவை நகர்த்தும் ரோலரிலும் ஒட்டிக்கொண்டு அடுத்த கேசட்டுக்கும் பரவும். நாடாவை ஹெட்டோடு அழுத்தும் சிறு பஞ்சு உதிர்ந்திருந்தால் ஒலி மங்கும், விட்டுவிட்டு வரும். அப்போது நாடாவை ஐந்து திருகாணிகள் உள்ள வேறொரு கேசட் கூட்டுக்கு மாற்றுங்கள்.

ஹெட்டை 99% ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலால் துடைத்துக் காயவிடுங்கள். இடது வலது ஒலிகளை ஒன்றாகச் சேர்த்து (மோனோ) கேட்டுக்கொண்டே ஹெட்டின் சாய்வுத் திருகாணியை மிக மெதுவாகத் திருப்புங்கள். உயர்ந்த, மெல்லிய ஒலிகள் எங்கே மிகத் தெளிவாகக் கேட்கிறதோ, அதுதான் சரியான இடம். இதைத் தவறவிட்டால் பிறகு எந்த மென்பொருளாலும் முழுமையாகச் சரிசெய்ய முடியாது.

24 பிட், 96 கிலோஹெர்ட்ஸ் வேவ் கோப்பாகப் பதியுங்கள். ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 2 ஜிபி ஆகும். உச்ச ஒலி மைனஸ் 6 டெசிபலைத் தாண்ட வேண்டாம். நாடாவின் இரைச்சலைக் குறைக்கும் டால்பி வசதி இல்லாமல் ஒரு முறை பதியுங்கள், உறையில் டால்பி குறி இருந்தால் அதோடு இன்னொரு முறை.

வேகம்தான் பெரிய சிக்கல். சோதனை இசையில் சுருதியை வைத்து வேகத்தைக் கணிக்க முடியாது. ஆனால் இங்கும் மலேசியாவிலும் இந்தியாவிலும் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். ஒலிப்பதிவில் அதன் ரீங்காரம் கலந்திருந்தால் ஆடாசிட்டி என்ற ஒலித்திருத்த மென்பொருளின் அதிர்வெண் வரைபடத்தில் தெரியும். அது 51.5-இல் நின்றால் நாடா 3% வேகமாக ஓடுகிறது, அதாவது ஹார்மோனியத்தில் அடுத்தடுத்த இரு கட்டைகளின் (கறுப்புக் கட்டையையும் சேர்த்து) இடைவெளியில் ஏறக்குறைய பாதி அளவு சுருதி கூடுதல். முதலில் நாடாவை நிறுத்தி, உங்கள் டெக்கின் சொந்த ரீங்காரம் எது என்று பிரித்தறியுங்கள். ஒரே ஒரு பகுதியில் மட்டும் ரீங்காரம் 40-க்கு இறங்கினால், அங்கே கலைஞரே வேண்டுமென்று நாடாவை மெதுவாக்கியிருக்கக்கூடும். அதைத் தொடாதீர்கள்.

அதே காரணத்தால் இரைச்சல் நீக்கும் கருவியையும் மூலக் கோப்பில் பயன்படுத்தக் கூடாது. வானொலி இரைச்சல், தெருச்சத்தம், நீண்ட மௌனம் எல்லாம் இசையாகவே இருக்கலாம். முழு ஆல்பமும் ஒரே கருத்தைச் சுற்றி அமைந்திருந்தால் பாடல் பாடலாக வெட்டாமல், ஒரு பக்கத்துக்கு ஒரு கோப்பாக வையுங்கள்.

உறையில் ஆண்டு இல்லையா? தேசிய நூலக வாரியத்தின் நியூஸ்பேப்பர்எஸ்ஜி தளத்தில் தமிழ் முரசு பழைய இதழ்களைத் தேடுங்கள். கலைஞரின் பெயரைத் தமிழிலும், ஆங்கில எழுத்தில் மூன்று நான்கு விதமாகவும் கொடுத்துப் பாருங்கள். இணையத்தில் ஏற்றும் முன் உரிமையாளரிடமோ குடும்பத்தாரிடமோ அனுமதி பெறுங்கள். உறையின் நான்கு பக்கங்களையும் படமெடுத்துக்கொண்டு போனால் பேச்சு எளிதாகத் தொடங்கும்.