ஜூவில் பாப்புலேஷன் பயாலஜி இன்டர்ன்ஷிப்: எப்படித் தயாராவது?

சிகாகோவின் லிங்கன் பார்க் ஜூ மாதிரி ஓர் இடத்தில் கோடை இன்டர்ன்ஷிப் என்றதும் சிங்கக் குட்டிக்குப் புட்டிப்பால் கொடுக்கப் போகிறோம் என்று நினைத்து விண்ணப்பிப்பவர்கள் நிறைய. பாப்புலேஷன் பயாலஜி பிரிவில் வேலை பெரும்பாலும் கணினி முன்னால்தான், அதைத் தெரிந்துகொண்டே வாருங்கள். அமெரிக்க ஜூக்கள் சங்கத்தின் பாப்புலேஷன் மேனேஜ்மென்ட் சென்டர் அங்கேதான் இயங்குகிறது. எந்த ஆணை எந்தப் பெண்ணோடு சேர்க்கலாம், எது எந்த ஊருக்குப் போக வேண்டும், எதற்கு இப்போதைக்குக் குட்டி வேண்டாம் என்றெல்லாம் கணக்குப் போட்டுப் பரிந்துரை எழுதும் இடம் அது.

இந்தக் கணக்கு ஏன் இவ்வளவு முக்கியம் என்பதை விண்ணப்பத்துக்கு முன்பே உள்வாங்கிக்கொள்ளுங்கள். இன்று உயிரோடிருக்கும் ஐரோப்பியக் காட்டெருமைகள் எல்லாம் வெறும் 12 விலங்குகளின் வழி வந்தவை. வட அமெரிக்காவில் வாழும், கீரி போலத் தெரியும் கறுங்கால் ஃபெரட்டுக்கு ஏறக்குறைய எல்லாமே 7 விலங்குகளின் வழிதான். கலிபோர்னியா காண்டோர் கழுகில் 1987-இல் உலகம் முழுக்க மிஞ்சியது 27 பறவைகள்தான், எல்லாமே கூண்டில். ஜூக்களில் உறவுக்குள்ளேயே இனம் பெருக்கினால் என்ன ஆகும் என்று 1979-இல் கேத்தரின் ரால்ஸ் குழு குளம்புள்ள விலங்குகளில் பார்த்தபோது, 16 இனங்களில் 15-இல் உறவுக்குள் பிறந்த குட்டிகள்தான் அதிகமாகச் செத்திருந்தன. அதற்கு முன்வரை பல ஜூக்கள் இதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவே இல்லை.

சரி, முதலில் கையால் கணக்குப் போடக் கற்றுக்கொள்ளுங்கள். மென்பொருள் அப்புறம். ஒரு தாளில் உறவில்லாத ஓர் ஆண், ஒரு பெண், அவற்றின் இரண்டு குட்டிகள் என்று வரைந்து, அந்த அண்ணன் தங்கை சேர்ந்தால் பிறக்கும் குட்டியின் உட்கலப்பு அளவைக் (ஒரே மூதாதையின் மரபணு தாய் வழியாகவும் தகப்பன் வழியாகவும் வந்து சேரும் வாய்ப்பு) கணக்கிடுங்கள், 0.25 வர வேண்டும். நம் வீட்டுக் கல்யாணங்களுக்கும் போட்டுப் பாருங்கள்: அத்தை மகன், மாமன் மகள் சேர்ந்தால் 0.0625, தாய்மாமனைக் கட்டினால் 0.125. அடுத்தது சராசரி உறவளவு, அதாவது ஒரு விலங்கு தன்னையும் சேர்த்து அந்தக் கூட்டம் முழுவதோடும் சராசரியாக எவ்வளவு நெருங்கிய உறவு என்பது. இந்த எண் குறைவாக உள்ள விலங்கிடம்தான் அரிதான மரபணுக்கள் இருக்கும். அதனால் எட்டுக் குட்டி போட்ட நல்ல தாயை ஓரமாக வைத்துவிட்டு, இதுவரை ஒரு குட்டியும் போடாத முரட்டுப் பெண்ணுக்குத் துணை தேடுவார்கள். தொடக்க விலங்குகள் வந்த காட்டுக் கூட்டத்தின் மரபணுப் பன்மையில் 90 சதவீதத்தை 100 வருடத்துக்குக் காப்பாற்றுவது என்பது ஜூக்கள் வழக்கமாக வைத்துக்கொள்ளும் இலக்கு. உறவில்லாத ஐந்து விலங்குகளோடு தொடங்கினால், எதையும் இழக்காத தொடக்க நாளிலேயே அந்த 90-இல்தான் நிற்பீர்கள் என்பதையும் கணக்குப் போட்டுப் பார்த்துவிடுங்கள், நேர்காணலில் இந்த ஒரு விஷயத்தைத் தெளிவாகச் சொன்னாலே எதிரில் இருப்பவர் நிமிர்ந்து உட்காருவார்.

அதற்குப் பிறகு புள்ளியியலுக்கான ஆர் நிரல்மொழி. அதில் வம்சாவளிக் கணக்குக்கான கின்ஷிப்2 என்ற தொகுப்பில் நீங்களே ஒரு முப்பது விலங்குள்ள வம்சாவளியை உருவாக்கி ஓட்டுங்கள். ஆயுள் கணக்கும் பழகுங்கள். செத்த விலங்குகளின் வயதை மட்டும் கூட்டிச் சராசரி எடுத்தால், இன்னும் உயிரோடு இருக்கும் கிழடுகள் கணக்கில் வராமல் ஆயுள் குறைவாகத் தெரியும். அதற்காகத்தான் கப்லான்-மேயர் முறை. ஓர் இனம் அழியும் வாய்ப்பைக் கணிக்கும் வோர்டெக்ஸ், வம்சாவளியை ஆராயும் பி.எம்.எக்ஸ் என்ற இரண்டு மென்பொருள்களுமே இலவசமாகக் கிடைக்கின்றன, நிறுவிப் பார்த்துவிட்டு ரெஸ்யூமேயில் போடுங்கள், பார்க்காமல் போடாதீர்கள்.

சேர்ந்த பிறகு உங்கள் நேரத்தைத் தின்னப்போவது ஸ்டட்புக், அதாவது ஓர் இனத்தின் ஒவ்வொரு விலங்குக்கும் தாய், தகப்பன், பிறப்பு, இடமாற்றம், இறப்பு எழுதிய வம்சாவளிப் பதிவேடு. ஒரு வரியைப் பார்ப்போம். சோலைமந்தி (சிங்கவால் குரங்கு) ஆண் ஒன்று ஜனவரியில் வேறு ஜூவுக்குப் போய்விட்டது, பழைய ஜூவில் மே மாதம் பிறந்த குட்டிக்கு அதே ஆண்தான் தகப்பன் என்று எழுதியிருக்கிறது. பார்த்ததும் பிழை என்று அழிக்கத் தோன்றும். அழிக்காதீர்கள். சோலைமந்தி ஏறக்குறைய ஆறு மாதம் கர்ப்பம் சுமக்கும், பின்னோக்கி எண்ணினால் கரு தரித்தபோது அந்த ஆண் அங்கேதான் இருந்திருக்கிறது. ஆனால் அதே கூண்டில் அப்போது இன்னோர் ஆணும் இருந்திருந்தால்? அப்போது இரண்டு பேரையும் சாத்தியத் தகப்பன்களாகக் குறித்து, ஏன் என்று பக்கத்திலேயே எழுத வேண்டும். வேலையே இதுதான். ஒரு தகப்பன் பெயர் தவறினால் அதன் பேரப்பிள்ளைகள் வரை கணக்கு கோணிப்போய், அண்ணன் தங்கையை யாரோ ஜோடி சேர்த்துவிடுவார்கள்.

காப்பாளர்கள் சொல்வதைக் காது கொடுத்துக் கேளுங்கள். கணக்கு அருமையான ஜோடி என்று சொல்லும், ஆனால் பெண்ணுக்கு வயதாகியிருக்கும், அல்லது ஆண் போன முறை துணையைக் கடித்துக் குதறியிருக்கும். இது எக்ஸெலில் இருக்காது.

விண்ணப்ப விஷயம் சுருக்கமாக. கோடைக்கான இடங்களுக்கு முந்தைய குளிர்காலத்திலேயே விண்ணப்ப அறிவிப்பு வந்துவிடும், டிசம்பரிலிருந்தே பார்க்கத் தொடங்குங்கள். அமெரிக்காவின் தேசிய அறிவியல் அறக்கட்டளை பணம் தரும் ஆர்.இ.யு. (இளநிலை மாணவர்களுக்கான ஆராய்ச்சி அனுபவம்) இடங்கள் அந்நாட்டுக் குடிமக்களுக்கும் நிரந்தரக் குடியிருப்பாளர்களுக்கும் மட்டும்தான். எஃப்-1 விசாவில் படிப்பவர்கள் வேலை தொடங்கும் முன் வழக்கமாகக் கல்லூரியிடம் சி.பி.டி. (படிப்போடு சேர்ந்த வேலைப் பயிற்சி) அனுமதி வாங்க வேண்டும், இந்தியாவிலிருந்து நேராகப் போவதென்றால் பெரும்பாலும் ஜே-1 என்ற பரிமாற்றத் திட்ட விசா. சம்பளம் உண்டா, தங்குமிடம் யார் பொறுப்பு என்று கேட்க வெட்கப்படாதீர்கள், சிகாகோவில் வாடகை அதிகம்.

அமெரிக்கா கைகூடாவிட்டால் இங்கேயும் இதே வேலை நடக்கிறது. மத்திய உயிரியல் பூங்கா ஆணையத்துக்காக டேராடூனிலுள்ள இந்திய வனவிலங்கு நிறுவனம் தேசிய ஸ்டட்புக்குகளைத் தொகுத்திருக்கிறது, சோலைமந்தியின் இனப்பெருக்கத் திட்டத்தை ஒருங்கிணைப்பது நம் வண்டலூர். ஸ்டட்புக் அறிக்கை ஒன்றைத் தேடி எடுத்து, தகப்பன் தெரியாத விலங்குகள் எத்தனை என்று எண்ணி, அதை வைத்து ஒரு பக்கம் எழுதி விண்ணப்பத்தோடு அனுப்புங்கள்.

கடைசி வாரத்தை வேறு எதற்கும் கொடுக்காதீர்கள். நீங்கள் மாற்றிய ஒவ்வொரு வரியையும், என்ன ஊகத்தில் மாற்றினீர்கள் என்பதையும் எழுதி ஒப்படையுங்கள். பரிந்துரைக் கடிதத்தையும் அப்போதே கேட்டுவிடுங்கள், வேலை நினைவில் இருக்கும்போது எழுதும் கடிதத்தில்தான் விவரம் இருக்கும்.