கரையில் ஜேசிபி இறங்கும் முன்

ராமநாதபுரம் மாவட்டத்தில் வைகை கடலில் சேருகிற ஆற்றங்கரை என்ற ஊர்ப் பக்கம் தடுப்புச் சுவரோ படகுத்துறையோ கட்டப்போகிறீர்களா? சரி, மண்ணில் பழம்பொருள் இருக்கிறதா என்று முதலில் நடந்து பாருங்கள். பக்கத்து அழகன்குளத்தில் 1986 முதல் மாநிலத் தொல்லியல் துறை தோண்டியதில் ரோமக் காசு, ஆம்போரா (ரோமர்களின் இரு கைப்பிடி மதுச்சாடி) ஓடு, தமிழி (பழந்தமிழ் பிராமி) எழுத்துப் பொறித்த பானை ஓடு எல்லாம் கிடைத்திருக்கின்றன, அதனால் "வெறும் மணல்தானே" என்ற பேச்சு இங்கே செல்லாது.

மழை வடிந்து தை, மாசியில் போங்கள். வெள்ளம் அறுத்த கரை அப்போதுதான் பளிச்சென்று தெரியும். ஐந்து மீட்டருக்கு ஓர் ஆள் என வரிசையாக நடந்து (சீமைக்கருவேல முள்ளுக்குச் செருப்பு போதாது), ஓடு கண்ட இடத்தில் கொடி நட்டு, ஜிபிஎஸ் குறித்து, பக்கத்தில் அளவுகோல் வைத்துப் படம் எடுங்கள். குறிக்காமல் பையில் போட்டுக்கொண்டால் அது வெறும் ஓடுதான்.

அப்புறம் அறுபட்ட கரையைக் கொத்துக்கரண்டியால் லேசாகச் சீவுங்கள். மண் நிறம் மாறும் கோடு, கரி, அறுத்த சங்கு, உறைகிணற்றின் (சுடுமண் வளையங்களை அடுக்கிக் கட்டிய பழைய கிணறு) வளைந்த விளிம்பு, இவைதான் தேட வேண்டியவை. நண்டு வளை மண்ணிலும் ஓடு வரும், ஆனால் எந்த அடுக்கிலிருந்து வந்தது என்று சொல்ல முடியாது. பெரியபட்டினம் பக்கமாக இருந்தால் பீங்கான் துண்டை நேற்று உடைந்த தட்டு என ஒதுக்காதீர்கள், அங்கே பழைய சீனப் பீங்கான் கிடைத்திருக்கிறது. குழி தோண்டுவது தொல்லியல் துறை அனுமதியோடு மட்டுமே. காசு, நகை கிடைத்தால் 1878 புதையல் சட்டப்படி கலெக்டருக்குத் தெரிவிக்க வேண்டும்.