ஆல்ஜினேட் மணிகளில் டைக்ளோஃபினாக்: ஆய்வகச் செய்முறை

100 மி.லி. காய்ச்சி வடித்த நீரைச் சுழலவிட்டு, 2 கிராம் சோடியம் ஆல்ஜினேட்டை (கடற்பாசியிலிருந்து எடுக்கும், ஜெல்லாக இறுகும் பசைப்பொருள்) சிறிது சிறிதாகத் தூவுங்கள். மொத்தமாகக் கொட்டினால் வெளிப்புறம் மட்டும் நனைந்து கட்டி தட்டும்; அந்தக் கட்டி பிறகு எளிதில் கரையாது. 1 கிராம் டைக்ளோஃபினாக் சோடியத்தை (வலி நிவாரணி மருந்து) நன்கு பொடித்துச் சலித்துக் கலந்து, இரவு முழுக்க வைத்திருங்கள். குமிழ்கள் அடங்க வேண்டும். அடங்காவிட்டால் மணிகள் மிதக்கும், உள்ளே ஓட்டை விழும்.

100 மி.லி. நீரில் 2 கிராம் கால்சியம் குளோரைடைக் கரைத்து மெல்லக் கலக்கியபடி, மருந்து கலந்த ஆல்ஜினேட் கரைசலை 21 கேஜ் (ஊசியின் தடிமன் அளவு) ஊசி வழியே 5 செ.மீ. உயரத்திலிருந்து அதில் சொட்டு சொட்டாக விடுங்கள். மணிக்கு வால் முளைத்தால் உயரத்தையோ ஆல்ஜினேட் கரைசலின் பாகுத்தன்மையையோ சற்று மாற்றிப் பாருங்கள். 15 நிமிடம் இறுகினால் போதும். அதிக நேரம் ஊறினால் மருந்து அந்தக் கால்சியம் கரைசலிலேயே கசியும். நீரில் எளிதில் கரையும் மருந்துகளுக்கு இந்த இழப்பு மிக அதிகம். வடிகட்டி, கழுவி, 40 டிகிரி செல்சியஸில் உலர்த்துங்கள்.

மணியிலிருந்து மருந்து வெளிவரும் வேகத்தை அறியும் வெளியீட்டுச் சோதனை 37 டிகிரி செல்சியஸில்: முதல் 2 மணி நேரம் பிஎச் 1.2 அமிலம், பிறகு பிஎச் 6.8 பாஸ்பேட் பஃபர் (அமில-கார அளவு மாறாமல் காக்கும் கரைசல்). 5 மி.லி. மாதிரி எடுத்தால் அதே வெப்பத்தில் 5 மி.லி. புதிய திரவம் ஊற்றி, மாதிரி புற ஊதா ஒளியை உறிஞ்சுவதை 276 நானோமீட்டரில் அளவிடுங்கள்.

அமிலத்தில் மருந்து வெளிவராததற்கு ஜெல்லை மட்டும் பாராட்டிவிடாதீர்கள். டைக்ளோஃபினாக் அங்கே கரைவதே அரிது. பாஸ்பேட்டோ ஜெல்லை இறுக்கிப் பிடித்திருக்கும் கால்சியத்தைப் பறித்து, மணியை உப்பவைத்து உடைத்துவிடும். அப்போது மருந்து வெளிவரும் வேகம் அதிகமாகத் தெரிந்தால், மணிகளுக்குக் கைட்டோசான் (இறால், நண்டு ஓட்டிலிருந்து எடுக்கும் பொருள்) பூச்சு கொடுத்துப் பாருங்கள்.