விலங்கியலையும் சூழலியலையும் வாழிடங்களின் வழியே படிக்கும் முறை

பல்கலைக்கழகத்தில் விலங்கியல் படிக்கச் சேர்பவரின் முன்னால் முதல் ஆண்டிலேயே இரண்டு நீண்ட பட்டியல்கள் வந்து நிற்கும். ஒன்று, துளையுடலிகளில் தொடங்கிப் பாலூட்டிகளில் முடியும் வகைப்பாடு. மற்றொன்று காடு, புல்வெளி, பாலைவனம், ஆறு, கடல் என விரியும் வாழிடங்கள். இரண்டையும் தனித்தனியே மனப்பாடம் செய்பவரும் தேர்வில் தேறிவிடுவார். ஆனால் ஓர் உயிரினம் ஓரிடத்தில் ஏன் இருக்கிறது, பக்கத்து இடத்தில் ஏன் இல்லை என்று கேட்டால் அவரிடம் விடை இருக்காது. அதனால், உடலியல் சார்ந்த ஒரே ஒரு கேள்வியை எடுத்துக்கொண்டு அதை எல்லா வாழிடங்களிலும் கேட்டுப் பார்ப்பதே நல்ல தொடக்கம்.

இதற்கு மிகவும் பொருத்தமான கேள்வி, உடலிலுள்ள நீரையும் உப்பையும் விலங்கு எவ்வாறு சமன் செய்கிறது என்பது. நன்னீர் மீனின் உடல் சுற்றியுள்ள நீரைவிட உப்பு மிகுந்தது. நீர் தானாகவே உள்ளே நுழைந்துகொண்டிருப்பதால், அது நீரைக் குடிப்பது மிகக் குறைவு, நீர்த்த சிறுநீரை ஏராளமாகக் கழிக்கிறது, இழந்த உப்பைச் செவுள்களால் மீட்டுக்கொள்கிறது. கடலில் வாழும் எலும்பு மீனுக்கு நிலைமை தலைகீழ்: அது கடல்நீரைக் குடித்து, மிகுதியான உப்பைச் செவுள்களின் வழியே வெளியேற்றுகிறது. சுறாவோ யூரியாவை இரத்தத்தில் தேக்கிவைத்து வேறொரு வழியில் சிக்கலைத் தீர்க்கிறது. ஆற்றில் பிறந்து கடலுக்குச் செல்லும் சால்மனின் செவுள்கள் பயணத்தின்போதே தம் வேலையை மாற்றிக்கொள்கின்றன. கடற்பறவைகளின் கண்களுக்கு மேலுள்ள சுரப்பிகள் உப்புக் கரைசலை அலகு வழியாகச் சொட்டவிடுகின்றன. வட அமெரிக்கப் பாலைவனங்களின் கங்காரு எலி, உண்ட விதைகள் செரித்து உடலுக்குள் எரியும்போது உண்டாகும் நீரையே பெரிதும் நம்பி, மிகச் செறிவான சிறுநீரைக் கழித்து வாழ்கிறது. இவற்றை ஒரே தாளில் எழுதிப் பார்க்கும் மாணவருக்குச் சிறுநீரகம், செவுள், சுரப்பி ஆகிய பாடங்கள் தனித்தனியாகத் தோன்றா.

அடுத்து ஆக்சிஜனை எடுத்துக்கொள்ளலாம். ஒரு லிட்டர் காற்றில் ஏறக்குறைய 210 மில்லிலிட்டர் ஆக்சிஜன் உள்ளது. உறைநிலையை நெருங்கிய நன்னீரிலும் ஏறக்குறைய 10 மில்லிலிட்டர்தான் கரைகிறது, நீர் சூடாகச் சூடாக அதுவும் குறைகிறது. அண்டார்க்டிகாவின் பனிமீன்கள் ஹீமோகுளோபின் இல்லாமலேயே வாழ்வது எப்படி என்பதற்கு அந்தக் கடலின் குளிரே விடையின் ஒரு பகுதி.

சூழலியலைப் படிக்கும்போது முடிவுகளை மட்டும் படிக்காமல், அவை எட்டப்பட்ட சோதனையையும் படிக்க வேண்டும். 1961இல் சூழலியலாளர் ஜோசப் கானல் வெளியிட்ட கொட்டலசு (பாறையில் ஒட்டி வாழும், ஓடுள்ள சிறு கடலுயிரி) ஆய்வு இதற்குச் சிறந்த எடுத்துக்காட்டு. ஸ்காட்லாந்தின் பாறைக்கரையில் ஒரு கொட்டலசு இனம் மேலேயும் மற்றோர் இனம் கீழேயும் பட்டை பட்டையாக ஒட்டியிருந்தன. கீழினத்தை அவர் சுரண்டி அகற்றிய இடங்களில் மேலினம் கீழ்ப்பகுதியிலும் பிழைத்தது. அகற்றாத இடங்களில் வேகமாக வளரும் கீழினம் அதை மூடியும் நெம்பியும் கொன்றது. கீழினமோ, ஓதம் இறங்கியபின் உலர்ந்துபோவதால் மேலே நிலைக்கவில்லை. ஆக, கீழினத்தின் மேல் எல்லையை வறட்சியும் மேலினத்தின் கீழ் எல்லையைப் போட்டியும் வகுத்தன. ‘ஒட்டியிருக்கும் ஒன்றை அகற்றினால் என்ன ஆகும்’ என்ற இந்தக் கேள்வியைக் குளத்துக்கும் புல்வெளிக்கும் கொண்டுசெல்ல முடியும்.

களத்துக்குச் செல்லும்போது பென்சிலும் நீர் படாத குறிப்பேடும் வேண்டும். நாள், நேரம், இடம், வானிலை, தேடலில் செலவிட்ட நேரம் ஆகியவற்றை அங்கேயே எழுத வேண்டும். மாலையில் நினைவிலிருந்து எழுதுவது பயன்படாது. எதையும் காணாத நாளையும் பதிவு செய்ய வேண்டும், ஏனெனில் ‘தேடியும் இல்லை’ என்பதும் தரவே. கருவிகளைப் பொறுத்தவரை, ஒவ்வொன்றும் எதைத் தவறவிடுகிறது என்று முதலில் அறிந்துகொள்வது நல்லது. தரைமட்டத்தில் புதைக்கும் குழிப்பொறியில் அதிகம் விழுபவை, அதிகம் இருக்கும் வண்டுகள் மட்டுமல்ல, அதிகம் ஓடும் வண்டுகளும்தாம். ஒளிப்பொறியில் நிலவொளி மிகுந்த இரவுகளில் அந்துப்பூச்சிகள் குறைவாகவே சிக்கும். ஓடையின் அடிக்கற்களைக் காலால் கிளறி வலையில் பிடிக்கும் முறையில், கிளறும் நேரத்தை எல்லா இடங்களிலும் ஒரே அளவாக வைக்காவிட்டால் ஒப்பீட்டுக்கு இடமே இல்லை.

எண்ணிக்கையை மதிப்பிட, குறியிட்டு மீண்டும் பிடிக்கும் முறை வகுப்பில் கட்டாயம் வரும். முதல் நாள் 40 நத்தைகளுக்குக் குறியிட்டு விடுகிறோம். பிறகு பிடித்த 50இல் 10 குறியுள்ளவை எனில், 40ஐ 50ஆல் பெருக்கி 10ஆல் வகுத்து 200 நத்தைகள் என்று கணக்கிடுகிறோம். கணக்கு எளிது, அதன் அடியிலுள்ள அனுமானங்களே கடினமானவை. இடையில் நத்தைகள் வந்து சேரவோ வெளியேறவோ கூடாது, குறி அழியக் கூடாது, எல்லாவற்றுக்கும் பிடிபடும் வாய்ப்பு ஒன்றாக இருக்க வேண்டும். ஒருமுறை பொறியில் சிக்கிய எலி அதன்பின் பொறியைத் தவிர்த்தால், மறுமுறை குறியுள்ளவை குறைவாகக் கிடைத்து, மதிப்பீடு உண்மையைவிட உயர்ந்துவிடும்.

புள்ளியியலைக் கடைசி ஆண்டுக்கு ஒத்திவைப்பது மாணவர்களிடம் பரவலாக உள்ள வழக்கம். அதைவிட மோசமான திட்டம் இந்தப் படிப்பில் இல்லை. தரவு சேர்த்தபின் சரிசெய்ய முடியாத பிழைகள் உண்டு. நிழலுள்ள ஒரு குளத்திலிருந்து 20 மாதிரிகளும் வெயிலுள்ள ஒரு குளத்திலிருந்து 20 மாதிரிகளும் எடுத்தால், நிழலின் விளைவைப் பற்றி நம்மிடம் 40 சான்றுகள் இல்லை. இரண்டு குளங்கள்தாம் உள்ளன. போலி மறுபதிவு எனத் தக்க இந்தப் பிழை எத்தனை ஆய்வுகளில் மலிந்துள்ளது என்பதைச் சூழலியலாளர் ஸ்டூவர்ட் ஹர்ல்பர்ட் 1984இல் எடுத்துக்காட்டினார். ஒவ்வொரு குளத்திலும் மாதிரிகளைக் குறைத்துக் குளங்களைக் கூட்டுவதே மருந்து.

இறுதியாண்டு ஆய்வுக்குப் பெரிய ஊனுண்ணிகளைத் தேர்ந்தெடுக்கும் ஆசை இயல்பானதே, எனினும் அவை ஒரு பருவத்தில் போதிய தரவைத் தருவது அரிது. எறும்பு, நத்தை, தட்டானின் இளவுயிரி போன்றவை எண்ணத்தக்க அளவில் கிடைக்கும், பல வாழிடங்களில் ஒப்பிடவும் இடம் தரும். எந்த விலங்கானாலும், முதுகெலும்புள்ளவற்றைப் பிடிப்பதற்கும் பாதுகாக்கப்பட்ட பகுதிகளில் நுழைவதற்கும் அனுமதியும் நெறிக்குழுவின் ஒப்புதலும் தேவைப்படலாம். அவை கைக்கு வர மாதக்கணக்கில் ஆகக்கூடும் என்பதால், தலைப்பு முடிவான வாரத்திலேயே விண்ணப்பித்துவிட்டு, காத்திருக்கும் காலத்தில் அனுமதி தேவைப்படாத இடத்தில் முறையைச் சிறிய அளவில் சோதித்துப் பார்க்கலாம்.